வாசகர் கேள்வி – பதில்: மான்செஸ்டர் மேடைகளும் நம்மூர்க் கொடையும்

சென்ற இதழில் பழைய இசைத்தட்டுகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 1977 முதல் 1980 வரை மான்செஸ்டரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்த காலத்தில் நான் நேரில் கேட்ட பங்க், நியூ வேவ் இசை நிகழ்ச்சிகளைப் பற்றியும் நான்கு வரி சேர்த்திருந்தேன். அந்த நான்கு வரிகளைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பாராட்டும் உண்டு, கோபமும் உண்டு. இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பங்க், நியூ வேவ் என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்றா, வேறா? மேற்கத்திய இசை அறியாத எனக்கும் புரியும்படி சொல்ல வேண்டுகிறேன்.
— பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: 1970களின் தொடக்கத்தில் ராக் இசை மிகப் பெரிய வணிகமாகியிருந்தது. ஒரு பாட்டு இருபது நிமிடம் வரை நீண்டது. லாரி நிறையக் கருவிகள் இல்லாமல் மேடையேற முடியாது என்ற நிலை வந்தது. கேட்க வந்தவர் விளையாட்டரங்கின் கடைசி வரிசையில் நின்று, பாடுபவரைச் சுண்டுவிரல் அளவில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இதைப் பொறுக்காத இளைஞர்கள் தொடங்கியதுதான் பங்க். நியூயார்க்கில் சிபிஜிபி என்ற சிறிய மதுக்கூடத்தில் 1974-இல் ரமோன்ஸ் குழுவினர் வாசிக்கத் தொடங்கினர். 1976-இல் அந்தத் தீ லண்டனில் பற்றிக்கொண்டது. கிதாரில் மூன்று பிடிகள் தெரிந்தால் போதும். இரண்டு, மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இருக்காது.

அந்தச் சுருக்கத்தையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு, அதனோடு விசைப்பலகையையும் ஜமைக்காவின் ரெகே தாளத்தையும் நடன இசையையும் சேர்த்தவர்களை நியூ வேவ் என்றார்கள். பங்க் என்ற சொல்லைக் கேட்டாலே கடைக்காரர்கள் முகம் சுளித்ததால், இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் இந்தப் பெயர் வசதியாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் நின்ற எங்களுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒரே இரவில், ஒரே மேடையில் இரண்டையும் கேட்டுவிட்டு வந்தோம்.

கேள்வி: நீங்கள் முதன்முதலில் பார்த்த நிகழ்ச்சி நினைவிருக்கிறதா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நன்றாக நினைவிருக்கிறது. 1977 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. நான் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்து பத்து நாள்கள்கூட ஆகவில்லை. விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொண்டவர், உகாண்டாவிலிருந்து 1972-இல் வெளியேற்றப்பட்டு லெஸ்டர் நகரில் குடியேறிய ஒரு குஜராத்திக் குடும்பத்தின் பிள்ளை. அவர்தான், 'காலிஹர்ஸ்ட் பகுதியில் எலக்ட்ரிக் சர்க்கஸ் என்ற அரங்கை இன்றோடு மூடுகிறார்கள், வா' என்று அழைத்தார். காந்தி ஜெயந்தி அன்று அப்படியோர் இடத்துக்குப் போகிறோமே என்று மனம் உறுத்தியதும், உறுத்திக்கொண்டே அவர் பின்னால் நடந்ததும் நினைவிருக்கின்றன.

அது ஒரு பழைய திரையரங்கக் கட்டடம். சிந்திய பீர் உலர்ந்து தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. உள்ளே நின்றவர்களின் வியர்வை சுவரில் படிந்து கோடாக வழிந்தது. இசை தொடங்கியதும் கூட்டம் முழுவதும் நின்ற இடத்திலேயே செங்குத்தாகக் குதித்தது. அதற்குப் போகோ என்று பெயர். இடமும் வலமும் அசைய இடமில்லாதபோது மேலே எழும்புவதைத் தவிர மனிதனுக்கு வேறு வழி இல்லை. பத்து நாள்களாகக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த என் உடம்பு, அன்றுதான் முதன்முதலாக வியர்த்தது.

அந்த இரண்டு நாள் விடைபெறு நிகழ்ச்சியில் மேடையேறியவர்களில் பஸ்காக்ஸ், தி ஃபால், அன்றுதான் அறிமுகமான மேகசின் ஆகிய குழுக்கள் உண்டு. வார்சா என்ற பெயரில் நான்கு இளைஞர்களும் வாசித்தார்கள். சில மாதங்களில் அவர்கள்தான் ஜாய் டிவிஷன் ஆனார்கள். பின்னாளில் உலகம் போற்றிய அந்தக் குழு அன்று வாசித்ததில் ஒரு நொடிகூட எனக்கு நினைவில்லை. கதவருகே நின்று அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அரங்கை மூடுவதற்காக அழுதாளா, வேறு காரணமா என்று தெரியாது. நினைவு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நாம் முடிவு செய்ய முடிவதில்லை.

கேள்வி: 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு நடத்திய நிகழ்ச்சிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று படித்தேன். நீங்கள் அங்கே இருந்தீர்களா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை. அன்று நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். பஸ்காக்ஸ் குழுவைத் தொடங்கிய ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள், ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியிலிருந்த சிறிய அரங்கை வாடகைக்கு எடுத்து, ஐம்பது பென்ஸ் நுழைவுக் கட்டணத்தில் நடத்திய நிகழ்ச்சி அது. வந்தவர்கள் சில பத்துப் பேரே. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து, பின்னாளில் ஜாய் டிவிஷனில் வாசித்த பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் முதலானோர் தாங்களும் குழு தொடங்கினார்கள். நான் மான்செஸ்டரில் இருந்த மூன்றாண்டுகளில் 'அன்று நானும் இருந்தேன்' என்று என்னிடம் சொன்னவர்களை மட்டும் கூட்டினாலே அந்தச் சிறிய அரங்கு நிரம்பிவிடும். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை, நாள்பட நாள்பட இருந்ததாகவே மாறிவிடுகிறது. நானும் அப்படி மாறிவிடக் கூடாது என்பதற்காகவே முதல் வரியில் 'இல்லை' என்று எழுதினேன்.

அந்த மாணவர்கள் செய்த இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1976 டிசம்பர் 28 அன்று, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய ஐந்நூறு பவுண்டில், நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்து, ஆயிரம் தட்டுகள் அச்சிட்டு, தாங்களே விற்றார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதையும் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். 'இவ்வளவுதான் வேலை, நீயும் செய்யலாம்' என்று சொல்லாமல் சொன்ன உறை அது. நூற்பாலைக் கணக்குகளில் திணறிக்கொண்டிருந்த நான் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தூத்துக்குடிக்காரர் கேட்டதால் ஒரு துணைச்செய்தி: அந்த ஃப்ரீ டிரேட் ஹால் பருத்தி வணிகத்தால் செழித்த நகரம் எழுப்பிய கட்டடம். உங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நம் கரிசல் பருத்தி, அந்நாட்டுச் சந்தையில் 'டின்னவேலி' (திருநெல்வேலி) என்ற பெயரிலேயே விற்கப்பட்டது.

கேள்வி: வெளிநாட்டு மாணவராக, அதுவும் கறுத்த நிறத்தவராக, அந்தக் கூட்டங்களுக்குள் போக அச்சமாக இல்லையா?
— கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: அச்சமாகத்தான் இருந்தது. நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். மேலே ஒரு வாசகர் குறிப்பிட்ட அதே 1976 ஜூன் 4 அன்று, லண்டனின் சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயது மாணவர் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது நேஷனல் ஃப்ரன்ட் என்ற கட்சி, எங்களைப் போன்றவர்களை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று தெருவில் ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தது. பங்க் இளைஞர்களில் சிலர், பெரியவர்களை அதிரவைப்பதற்காக நாஜிச் சின்னத்தைச் சட்டையில் அணிந்தார்கள். வெறும் விளையாட்டு என்று அவர்களுக்காகப் பலர் பரிந்து பேசினார்கள். அந்த விளையாட்டை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஆனால் அதே கூட்டத்திலிருந்துதான் எதிர்க்குரலும் எழுந்தது. 1976 ஆகஸ்டில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதைக் கண்டித்து, இனவெறிக்கு எதிரான ராக் என்ற இயக்கம் தோன்றியது. வெள்ளையரின் பங்க் குழுவையும் கரீபியன் வழிவந்தவர்களின் ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றுவதே அவர்களுடைய வழி. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து விக்டோரியா பூங்காவை அடைந்த பெருங்கூட்டத்தில், மான்செஸ்டரிலிருந்து பேருந்தில் போன நானும் இருந்தேன். தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் ஆகிய குழுக்கள் பாடின. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாலி ஸ்டைரீன், தந்தை வழியில் சோமாலிய மரபினர், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தார். பற்களுக்குக் கம்பி கட்டியிருந்த அந்த இருபது வயதுப் பெண், அழகாகத் தோன்ற வேண்டும் என்ற கவலை துளியும் இல்லாமல் பாடியதைப் பார்த்து, எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்காவது இதைக் காட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினேன். உங்கள் கடிதத்தைப் படிக்கையில் அந்த ஏக்கம் மீண்டும் வந்தது.

அதே ஆண்டு ஜூலை 15 அன்று மான்செஸ்டரிலேயே ஸ்டிரேஞ்ச்வேஸ் சிறையருகே தொடங்கி அலெக்சாந்திரா பூங்காவரை நடந்தோம். பஸ்காக்ஸும் ஸ்டீல் பல்ஸும் பாடினார்கள். அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது, அந்த நகரத்தின் தெருக்களில் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி நடந்தேன். மறுவாரமே பேருந்தில் ஒருவன் என்னை வைதான் என்பதும் உண்மைதான். இருந்தும் அந்த மாலையை அவனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: அண்ணாச்சி, வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கேட்பாரின்றிப் போய்க்கொண்டிருக்கும் நம் மண்ணிலிருந்துகொண்டு, வெள்ளைக்காரனின் கூச்சலைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: உங்கள் கோபத்தில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

நான் பிறந்த ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குக் கணியான் கூத்து நடக்கும். தலைமைப் பாடகரான அண்ணாவி கதையைப் பாட, பெண்வேடமிட்ட இருவர் ஆட, மகுடம் என்ற தோற்கருவிகள் இரண்டு முழங்கும். ஒன்று உச்சக் குரல், மற்றொன்று மந்தக் குரல். நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றிவிட்டு அவர்கள் அடிக்கத் தொடங்கும்போது, அந்த ஒலி காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் விழும். மேடை கிடையாது. அண்ணாவியின் வியர்வை நம்மேல் தெறிக்கும் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருப்போம். நடுச்சாமத்தில் தாளம் நெருங்க நெருங்க, சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில் முதலில் தோள் துடிக்கும், பிறகு அவர் கூட்டத்துக்குள் வருவார், கூட்டம் அலையாக விலகும். பதினான்கு வயதில் ஒவ்வொரு கொடைக்கும் விடியும்வரை நான் நின்றிருக்கிறேன்.

எலக்ட்ரிக் சர்க்கஸில் முதல் பாட்டு தொடங்கிய கணத்தில் என் மனம் மிரண்டது. ஆனால் என் உடம்பு மிரளவில்லை. கூட்டம் இடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும்போது காலை எப்படி ஊன்ற வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்க வேண்டும், கீழே விழுந்தவனை எப்படிக் கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கும் யாராவது விழுந்தால் உடனே நான்கு கைகள் தூக்கிவிடும். சங்கீத சபைகளில் வளர்ந்திருந்தால், ஐந்து நிமிடத்தில் வெளியேறியிருப்பேன். கொடையில் வளர்ந்ததால் உள்ளே நின்றேன்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். நம் கொடையில் ஆட்டம் தெய்வத்துக்கு; ஊரே கூடிச் செய்யும் கடமை அது; தாத்தாவும் பேரனும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அங்கே இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரைக் காண்பது அரிது. அவர்கள் யாருக்காகவும் ஆடவில்லை. பிடித்த குழுவின்மேல் எச்சில் துப்புவது பாராட்டு என்ற அருவருப்பான வழக்கமும் அங்கே இருந்தது. தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்டிரம்மர் 1978-இல் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் கிடந்தபோது, அந்த எச்சிலால் வந்ததென்றே பேசிக்கொண்டார்கள். கலையைக் கொண்டாடும் முறையில் நம் கொடை அதைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது. ஆனால் அந்த நாடு போய்த்தான் நான் கணியான் கூத்தின் அருமையை அறிந்தேன். கல்லூரியில் படித்த நாள்களில், 'கொடைக்குப் போனேன்' என்று சக மாணவர்களிடம் சொல்லக் கூசியவன் நான். அந்தக் கூச்சத்தைத் தீர்த்தது மான்செஸ்டர். விடுமுறையில் ஊர் வந்தபோது நேராக ஓர் அண்ணாவியின் வீட்டுக்குப் போய், அவர் காலடியில் உட்கார்ந்து மகுடத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

கேள்வி: அக்கலைஞர்களில் உங்கள் மனத்தை விட்டு நீங்காதவர் யார்?
— வாசகர், வள்ளியூர்

பதில்: இயன் கர்டிஸ். ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர். ஹ்யூம் பகுதியில் ரஸ்ஸல் கிளப் என்ற இடத்தில் 1978 மே மாதம் முதல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டோனி வில்சனும் நண்பர்களும் 'ஃபேக்டரி' என்ற பெயரில் நடத்திய இரவுகளில் அவரைப் பார்த்தேன். பிறகு 1979 அக்டோபரில் அப்போலோ அரங்கில், பஸ்காக்ஸுக்கு முன்பாக அவர்கள் வாசித்தபோதும் பார்த்தேன். அசையாமல் நின்று தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருப்பார். திடீரென்று முழங்கைகள் சுழல, கண்கள் எங்கோ நிலைக்க, உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி ஆடத் தொடங்குவார். நாங்கள் கைதட்டினோம். எனக்கு ஊர்க் கோமரத்தாடி நினைவுக்கு வந்தார். அருள் வந்த ஆட்டம் என்றே எண்ணினேன். அவருக்குக் காக்காய் வலிப்பு இருந்தது என்பதும், சில இரவுகளில் மேடையிலேயே உண்மையான வலிப்பு வந்திருக்கிறது என்பதும் பின்னர்தான் தெரிந்தது. 1980 மே 18 அன்று, குழு அமெரிக்கப் பயணம் புறப்படுவதற்கு முந்தைய நாள், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்து மூன்று. நான் கைதட்டிய இரவுகளில் எது ஆட்டம், எது நோய் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

கேள்வி: அக்காலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்ட குழு எதுவும் வந்ததுண்டா?
— வாசகர், நாங்குநேரி

பதில்: நியூ வேவ் அலையில் புகழ்பெற்ற தி போலீஸ் குழு 1980-இல் பம்பாயில் வாசித்தது. பெண்கள் அமைப்பு ஒன்று அறப்பணி நிதிக்காக அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தது. நான் அப்போது மான்செஸ்டரில் இருந்ததால் பார்க்கவில்லை.

கேள்வி: கல்லூரி விழாக்களில் ஒலிபெருக்கி அருகே நின்று ஆடிவிட்டு வரும் என் மகன், மறுநாள்வரை காதில் ரீங்காரம் கேட்பதாகச் சொல்கிறான். உங்களுக்கு அப்படி ஏதும் உண்டா?
— தாய், சங்கரன்கோவில்

பதில்: உண்டு, அம்மா. என் இடது காதில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மெல்லிய கூவல் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றாண்டுகள் ஒலிபெருக்கியின் பக்கத்திலேயே நின்றதன் விலை அது. நூற்பாலை இரைச்சல் மிச்சத்தைச் செய்தது. மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நிற்காமல் தள்ளி நிற்கட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளட்டும். பாட்டு அப்போதும் நன்றாகக் கேட்கும். ரீங்காரம் ஓரிரு நாள்களில் அடங்காவிட்டால் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆட வேண்டாம் என்று மட்டும் தடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அந்த நாள்களின் நுழைவுச்சீட்டுகள், ஒலிநாடாக்கள் இன்னும் இருக்கின்றனவா? எங்கள் வீட்டிலும் 2023 வெள்ளத்தில் நனைந்த கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன.
— வாசகர், திருநெல்வேலி ஜங்ஷன்

பதில்: என் பெட்டியும் அதே டிசம்பர் வெள்ளத்தில்தான் மூழ்கியது. பிபிசி வானொலியில் இரவு பத்து மணிக்குமேல் ஜான் பீல் ஒலிபரப்பிய பாடல்களைப் பதிந்து வைத்திருந்த முப்பத்தொரு கேசட்டுகளில் பத்தொன்பதை மீட்டேன். நனைந்த நாடாவை உடனே ஓடவிட்டால் சுருண்டு அறுந்துவிடும். சேறு படிந்திருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரில் அலசி, வெயிலில் வைக்காமல், மின்விசிறிக் காற்றில் பல நாள் உலர்த்த வேண்டும். கூடு சிதைந்திருந்தால், திருகாணி வைத்த வேறு கூட்டுக்கு நாடாச் சுருளை மாற்றலாம். பூஞ்சை பிடித்ததை நல்ல கருவியில் போடாதீர்கள், அது மற்றவற்றுக்கும் பரவும். ஒருமுறை ஓடினால் அப்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது முறை ஓடும் என்று நம்ப வேண்டாம். சீட்டுகளை மையொற்றுத் தாள்களுக்கு இடையே வைத்து உலர்த்தினேன். எழுத்து மங்கிவிட்டது, நிறம் மட்டும் இருக்கிறது.

கேள்வி: என் பெரியப்பாவும் 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் படித்தவர். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறார் என்று அப்பா சொல்வார். ஆனால் கேட்டால், 'அதெல்லாம் மறந்துபோச்சு' என்கிறார். அவரைப் பேசவைக்க வழி உண்டா?
— வாசகி, கடையம்

பதில்: பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்தக் குழு, எந்தத் தேதி என்று கேட்டால் அது தேர்வு போலாகிவிடும். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று முதியவர் வாயை மூடிக்கொள்வார். அன்றிரவு அறைக்கு எப்படித் திரும்பினீர்கள் என்று கேளுங்கள்.

என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கே பல நினைவுக்கு வந்தன. ரஸ்ஸல் கிளப்பிலிருந்து வெளியே வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். வியர்வையில் நனைந்த சட்டை, பனிக்காற்றில் பலகைபோல் விறைக்கும். காது அடைத்திருப்பதால் நானும் என் அறைத்தோழரும் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசுவோம். தெருமுனையில் ஆள்கூட்டம் தெரிந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மறுபக்கம் கடந்துவிடுவோம். வழியில் ஒரு கடையில் காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவலை ஒரே பொட்டலமாக வாங்கி, இருவரும் உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்துச் சூடேற்றிக்கொண்டு நடப்போம். அந்தப் பொட்டலத்தின் வினிகர் வாசனையோடு சேர்ந்துதான் அன்று கேட்ட பாட்டு எனக்குத் திரும்பி வருகிறது.

பெரியப்பா பேசத் தொடங்கினால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்து, அன்றைய தேதியைச் சொல்லி முடித்து வையுங்கள். அவர் பார்த்த குழுவின் பெயர் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்; என் பத்தொன்பது கேசட்டுகளில் அது இருந்தால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.